குவான் கோங்கின் சாம்பலை நான் கழுவி ஊற்றியது

முப்பத்தொரு வயதில் ஒருத்தி பணி அனுபவம் எழுதுவதா என்று தமிழ்ச் சங்கத்துச் செய்தி மடலைத் தட்டச்சு செய்கிறவரே கேட்டுவிட்டார். எழுதலாம். ஆறு வருஷம் மெல்பர்னில் ஒரு மியூசியத்தில் இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். அங்கே செய்யக்கூடிய தப்புகளை எல்லாம் அந்த ஆறு வருஷத்துக்குள் செய்து முடித்தாகிவிட்டது. இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்திருந்தால் அதே தப்புகளைப் பதவி உயர்வோடு செய்துகொண்டிருப்பேன். அதனால்தான் இந்த ஓய்வு.

இந்த வருஷம் மெல்பர்னிலும் சிட்னியிலுமாக நம் பிள்ளைகள் மூன்று பேர் மியூசியம், ஆவணக்காப்பகம் என்று வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். இது உங்களுக்குத்தான். கேட்டலாக் அட்டை நிரப்புவது, பருத்திக் கையுறை போடுவது, பெட்டிக்கு எண் ஒட்டுவது எல்லாம் அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாக்கியை என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள். சீனக்காரன் சாமிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் தீபாவளி அறிவிப்புக்குப் போய்விடலாம்.

எழுபத்திரண்டில் ஆஸ்திரேலிய அரசாங்கம் சீனாவோடு கைகுலுக்கிய சில வருஷத்துக்குள் இந்த ஊரில் எல்லோருக்கும் சீனப் பிரியம் பிடித்துக்கொண்டது. அதுவரை சீனர் என்றால் வறுத்த சோறு விற்கிறவர் என்று நினைத்திருந்தவர்கள் சுவரில் மூங்கில் ஓவியம் மாட்டினார்கள். எங்கள் மியூசியமும் கிடங்கைத் துழாவி ஒரு கண்காட்சி போடுவது என்று முடிவு செய்தது. மெல்பர்னில் நான்கு மாதம், பிறகு சிட்னியில் இரண்டு மாதம். நான் மலேசியாவில், சீனர் நிறைந்த ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள்; கான்டனீஸ் சீனம் பேசுவேன், எழுத்தும் வாசிப்பேன். அந்தக் கட்டடத்திலேயே சீனம் தெரிந்த ஒரே ஆள் ஒரு தமிழச்சி. அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பெருமை வேறு.

கிடங்கில் குவான் கோங் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், மார்பு வரை தாடி, பச்சை அங்கி, மரச் சிலை. தங்கம் தோண்டிய காலத்தில் விக்டோரியாவின் உள்நாட்டு ஊர் ஒன்றில் சீனர்கள் கட்டிய சிறு கோயில் அவருடையது. தங்கம் தீர்ந்தது, ஆட்களும் தீர்ந்தார்கள். கடைசிக் கிழவரும் போனபின், வாரிசுகளிடம் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லி மியூசியம் சாமியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு மேசை, இரண்டு விளக்கு, ஒரு வெண்கல ஊதுபத்திக் கிண்ணம். கிண்ணம் என்றால் சோற்றுப் பானை அளவு. அதில் ஊதுபத்தியை மண்ணில் நடுவதுபோல நடுவார்கள். எரிந்து விழும் சாம்பல் அதற்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் துறைத்தலைவர் லேபிளில் 'போர்த் தெய்வம்' என்று எழுதச் சொன்னார். சிட்னியிலிருந்து ஆலோசனை சொல்ல வந்த நிபுணர் 'செல்வத் தெய்வம்' என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக மூன்று வாரம் கடிதம் போனது, கடிதம் வந்தது. இருவரும் வாழ்நாளெல்லாம் சீனம் பற்றிப் படித்தவர்கள். இருவரும் தெருவைக் கடந்து ஒரு சீனரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பதில் பதினான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன்.

அந்தப் பதினான்கு பக்கத்தை யாரும் படிக்கவில்லை. நீங்களாவது சுருக்கத்தைக் கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். குவான் கோங் முதலில் சாமியே இல்லை, ஒரு தளபதி. சீனா மூன்றாகப் பிளந்து கிடந்த காலத்தில், அண்ணன் தம்பியாக இருப்போம் என்று சத்தியம் செய்து கொடுத்த ஒருவருக்காகக் கடைசிவரை சண்டை போட்டவர். தோற்றார், பிடிபட்டார், தலையை வெட்டினார்கள். தலை ஒரு ராஜாவுக்குப் பெட்டியில் போனது, உடல் வேறு இடத்தில் புதைந்தது. அப்படிச் செத்தவன் சும்மா இருப்பானா? ஒரு மலையில் அவருடைய ஆவி 'என் தலையைக் கொடு' என்று கத்தித் திரிந்ததாகவும், அங்கிருந்த பௌத்தத் துறவி 'நீ வெட்டின தலைகளை யார் கொடுப்பது' என்று கேட்டதும் அடங்கியதாகவும் கதை. பயத்தில் கும்பிட ஆரம்பித்தார்கள். ஆக, முதலில் பேய். பிறகு அந்தத் துறவிகள் அவரை மடத்துக்குக் காவல் வைத்துக்கொண்டார்கள். தாவோ பூசாரிகள் உப்பு ஏரியைக் கெடுத்த பூதத்தை விரட்ட அவரைக் கூப்பிட்டார்கள். ராஜாக்கள் விட்டுவிடுவார்களா? விசுவாசத்துக்கு இவரைவிட நல்ல விளம்பரம் ஏது? செத்துப் பல நூறு வருஷம் கழித்து பிரபு என்றார்கள், இளவரசர் என்றார்கள், கடைசியில் பேரரசர் என்றே பட்டம் கட்டினார்கள். அவர் பிறந்த பக்கத்து வியாபாரிகள் ஊர் ஊராகப் போனபோது, வாக்குத் தவறாதவர் என்று இவரைக் கடையில் வைத்தார்கள். அப்படிச் செல்வத்துக்கும் சாமியானார். ரகசியக் கூட்டங்கள் இவர் முன்னால் சத்தியம் செய்தன. அவர்களைப் பிடிக்கிற ஹாங்காங் போலீஸ்காரனும் ஸ்டேஷனில் இவருக்குத்தான் பத்தி கொளுத்துகிறான்.

போரா, செல்வமா என்று சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் முட்டாள். கும்பிடுகிறவனுக்கு எது தேவையோ அதுவாக அவர் ஆகிக்கொண்டே வந்திருக்கிறார். இதைப் பதிமூன்றாம் பக்கத்தில் மிக அழகாக எழுதியிருந்தேன். எழுதி முடித்த கையோடு போய்ச் சாம்பலைக் கழுவினேன்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் இருந்தது. எங்கள் பழுதுபார்க்கும் கூடத்தில் குணம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார், ரசாயனம் படித்தவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சாம்பலில் உப்பு இருக்கிறது, வெண்கலத்தை அரிக்கும் என்றார். அது உண்மை. எங்கள் விதிப்புத்தகத்திலும், பொருளோடு சேராத அழுக்கை அகற்று என்றிருந்தது. அழுக்கு எது, பொருள் எது என்று அது சொல்லவில்லை. கிண்ணத்தில் இரண்டு கைப்பிடிச் சாம்பல் கட்டிதட்டிக் கிடந்தது. நான்தான் குழாயைத் திறந்தேன். குணம் தூரிகை பிடித்தார். சாம்பல் நீர் தொட்டியில் சுழன்று இறங்கியது. வெண்கலம் பளிச்சென்று வந்தது. அடியில் அழகான எழுத்தில் ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. அதைப் படித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு காப்பிக்கடை. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை கடைக்காரர் பத்திக் கிண்ணத்துச் சாம்பலைச் சலித்து, கல்லும் குச்சியும் எடுத்துவிட்டு, சாம்பலைத் திரும்ப அதிலேயே கொட்டுவார். புதுக் கடை வைத்த அவர் மகன் வந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். தாய்க்கோயில் சாம்பல் போகிற இடத்துக்கெல்லாம் சாமியும் போவார். இது எனக்குத் தெரியாததில்லை. எட்டு வயதில் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய பிறகுதான் மறந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பழக்கடை வைத்திருக்கும் மிஸஸ் லாவ் என்ற பெண்மணி சொல்ல, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அவர் மகள் ஆங்கிலத்தில் எழுதியது. அந்தப் பழைய கோயிலைக் கட்டியவர்களின் வாரிசுகள், சொந்தக்காரர்கள் என்று காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் கிழவர்கள் பதினெட்டு பேர் இருக்கிறார்கள். மெல்பர்னுக்குத் தெற்கே கிரான்பர்ன் பக்கம் ஒருவருடைய தோட்டத்துத் தகரக் கொட்டகையில் குவான் கோங்குக்கு ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். சிலையை மியூசியம் தராது என்று அவர்களுக்குத் தெரியும், கேட்கவில்லை. அவர் பிறந்தநாள் வருகிறது, அதற்கு முன்னால் கிண்ணத்திலிருந்து சாம்பல் மட்டும் தரமுடியுமா? அது அவர்கள் தாத்தாமார் கிராமத்துக் கோயிலிலிருந்து துணியில் முடிந்து கப்பலில் கொண்டுவந்தது. கிராமத்துக் கோயிலைச் சில வருஷம் முன்பு இடித்துவிட்டார்களாம், அங்கே இப்போது தானியக் கிடங்கு. உலகத்தில் அந்தச் சாம்பல் மீதி இருப்பது உங்களிடம் மட்டும்தான்.

கடிதத்தைத் துறைத்தலைவரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் இன்னும் எரிச்சல். அருமையான கோரிக்கை, மியூசியத்துக்கும் சமூகத்துக்கும் உறவு என்று ஆண்டறிக்கையில் போடலாம், கொடுத்துவிடு என்றார். சாம்பல் இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைக்காமலே, சாம்பலுக்கா பஞ்சம், எந்தச் சாம்பலையாவது கொடு, அவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை என்றார். சீனச் சமயம் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர்.

கீழே போய்க் குணத்திடம் சொன்னேன்.  அவரும் கோயில் குளம் என்று வளர்ந்தவர்தானே. கொஞ்ச நேரம் தூரிகைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தார்.

"தங்கச்சி, ஊரில இருந்து அம்மா அனுப்பின விபூதி வீட்டில கிடக்கு. அதுவும் கோயில் சாம்பல்தானே. சிகரெட் சாம்பலைக் குடுக்கிறதை விட அது மரியாதை."

"அண்ணே, அது பொய்."

"ஓம், பொய்தான். மரியாதையான பொய்."

நீங்கள் என்னைப் பற்றி நல்லதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: நான் ஒப்புக்கொண்டேன். விபூதியில் கொஞ்சம் அடுப்புக்கரி இடித்துக் கலந்தோம். நிறம் பொருந்துகிறதா என்று இரண்டு படித்தவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் போட்டு, மியூசியம் முத்திரை ஒட்டி, டிராமில் எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சாமி காலத்துக்கு ஏற்ப மாறியவர், விபூதியாகவும் மாறட்டுமே என்று என் பதிமூன்றாம் பக்கத்தையே சாட்சிக்கு இழுத்தேன். படிப்பு இதற்கெல்லாம் மிகவும் உதவும்.

வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. கடையில் கூட்டம். மிஸஸ் லாவ் அறுபது வயதுக்காரர், குட்டையான உருவம், ஆரஞ்சுப் பெட்டியைத் தனியாகத் தூக்குகிறவர். என் கையில் சாடியைப் பார்த்ததும் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார். வார இறுதி வியாபாரத்துக்கு முந்தின காலையில் ஒரு பழக்கடைக்காரி கதவைச் சாத்துவது என்றால் என்ன என்று கடைவீதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கால் வீங்கிப் படுத்திருந்த கணவரைக் கூப்பிட்டு எழுப்பி நிறுத்தினார். கையை மூன்று தரம் கழுவினார். சிவப்புத் துணியை விரித்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

நான் சாடியைக் கொடுக்கவில்லை. கழுவி ஊற்றியதைச் சொன்னேன். அவர் பேசுவது நாட்டுப்புறத்துக் கான்டனீஸ், நான் பேசியது ஈப்போக் கான்டனீஸ். ஆனாலும் 'குழாய்' என்ற சொல் இருவருக்கும் ஒன்றுதான்.

அவர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே கேட்டார்.

"அப்ப இதுல இருக்கிறது என்ன?"

"எங்க சாமி சாம்பல், ஆன்ட்டி."

"உன் சாமி என்ன தப்பு செஞ்சாரு? அவர எதுக்குப் பொய் சாட்சி சொல்லக் கூட்டிட்டு வந்த?"

 கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மன்னித்துவிடுங்கள் ஆன்ட்டி, உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று ஏதோ உளறினேன். சொன்னதும் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. பாவமன்னிப்பு வாங்கிய சுகம். அவர் அதையும் பார்த்துவிட்டார். சின்னப் பெண்களை அழைக்கும் சொல்லால் என்னை அழைத்தார்.

"ஆ மொய், நீ சொல்லிட்ட, லேசாயிட்ட. டிராம் ஏறிப் போயிடுவ. ஞாயித்துக்கிழமை பதினெட்டுக் கிழவனுங்க புதுச் சட்டை போட்டுட்டு வந்து நிப்பாங்க. அதுல நாலு பேரு அடுத்த வருஷம் இருக்க மாட்டாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லணும்? உண்மையா? இல்ல நீ செய்ய இருந்ததையே நான் செய்யணுமா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தப்பை ஒப்புக்கொள், நேர்மையாக இரு என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லுவார்கள். ஒப்புக்கொள்வது பாதி வேலைகூட இல்லை. சுமையை உங்கள் தலையிலிருந்து இறக்கி, எதிரே நிற்கிறவர் தலையில் வைத்துவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்று, மன்னிப்புக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து, தங்களைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். அந்தப் பெண்மணி விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"வா. மன்னிப்புன்னு பழம் கிழம் வாங்கிட்டு வராத. நாங்களே பழக்கடை."

ஞாயிறு காலை குணம் தன் ஹோல்டன் காரோடு வீட்டு வாசலில் நின்றார். நடந்ததைச் சொல்லியிருந்தேன், கூப்பிடவில்லை. தூரிகை பிடித்த கை என்னுடையது, நானும் வாறன் என்றார். கிரான்பர்ன் போகும்வரை ஜூலைக் குளிர், மழை. தோட்டத்து வழியில் சக்கரம் சேற்றில் இறங்க, இருவரும் இறங்கித் தள்ளி, முழங்கால் வரை மண்ணோடுதான் அந்தச் சபைக்குள் நுழைந்தோம்.

தகரக் கொட்டகை. சிவப்புத் தாளில் அவருடைய பெயரை எழுதி மேடையில் ஒட்டியிருந்தார்கள். முன்னால் புதுக் கிண்ணம், காலி. கிழவர்கள் கோட்டுக்குள் விறைத்த கழுத்துப்பட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிஸஸ் லாவ் மேடைப் பக்கம் நின்றார், எனக்கு ஒரு வார்த்தை உதவவில்லை. நான் சொன்னேன். யார் திறந்த குழாய், யார் பிடித்த தூரிகை, எந்த மாதம், சாடியில் என்ன கலந்தோம், எல்லாம். துறைத்தலைவர் சொன்னதைச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்ற இல்லை, அதைச் சொன்னால் குற்றம் என்னிடமிருந்து அவருக்கு நகர்ந்துவிடும் என்பதால்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து, பத்திரமாக வைக்கிறோம் என்றுதானே எங்கள் அப்பாவிடம் வாங்கிப் போனீர்கள் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. இன்னொருவர் ஹாங்காங்கிலிருந்து வேறு கோயில் சாம்பல் வரவழைக்கலாம் என்றார். அது வேறு வீட்டுச் சாமி என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் மறுத்தார்கள்.  அவர்கள் முன்னால் காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் ஆறு வருஷ உத்தியோகத்தில் எனக்கு நடந்த ஒரே தேர்வு.

கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெல்பர்னுக்கு மேற்கே வெரிபியில் தோட்டம் போட்டிருப்பவர். அவர் என்னைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துக் கேட்டார், நான் இடையில் மொழிபெயர்த்தேன். எந்தத் தொட்டியில் ஊற்றினீர்கள்? கூடத்துத் தொட்டியில். மழைநீர் வாய்க்காலுக்குப் போகிற குழாயா, கழிவு நீர்க் குழாயா? கழிவு நீர்க் குழாய்தான் என்று குணம் சொன்னார், அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

வெரிபிக் கிழவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப அவரு எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்காரு."

யாருக்கும் புரியவில்லை. மெல்பர்ன் நகரம் ஊற்றுகிற கழிவு நீர் குழாய் வழியாக வெரிபிக்குப் போகிறது. அங்கே பெரிய பண்ணையில் அதை நிலத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்தப் புல்லில் மாடு மேய்கிறது. அதன் வேலியை ஒட்டித்தான் தன் தோட்டம் என்று அவர் விளக்கினார். முன்வரிசைக் கிழவருக்கு மூச்சு வாங்கியது. இப்போது குரல் உயர்ந்தது.

"அவரு பேரரசரு. சாக்கடை மண்ணுல இருக்காருன்னு சொல்ல வாய் கூசல?"

"தலைய வெட்டினப்ப பேரரசரா இருந்தாரா? சும்மா இரு. நம்ம அப்பனுங்க தோட்டமெல்லாம் எதுல வளந்துச்சு? சந்தனத்துலயா?"

ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு இன்னொருவர். தாத்தாமார் இந்த ஊரார் வீட்டுக் கக்கூஸ் வாளியைச் சுமந்து வந்து உரமாக்கி, அதில் முளைத்த முட்டைக்கோசை அதே ஊராருக்கு விற்ற கதை அங்கே எல்லோருக்கும் சொந்தக் கதை. முன்வரிசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நாம் என்ன முடிவு செய்வது, சாமியையே கேட்போம் என்றார்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாதிநிலா வடிவில் இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் குவிவு. கேள்வியைச் சொல்லிக் கீழே போடுவார்கள். மேலே ஒன்று தட்டை, ஒன்று குவிவு என்று விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிவு என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறார், கேள்வியைத் திருத்திக் கேள் என்று அர்த்தம். மிஸஸ் லாவ் மண்டியிட்டார். வெரிபி மண்ணை எடுக்கலாமா என்று கேட்டுப் போட்டார். இரண்டும் குவிவு. முன்வரிசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டாம் தரம் என்ன கேட்டாரோ, இரண்டும் தட்டை. சிரிக்கிறாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மிஸஸ் லாவ் கொஞ்ச நேரம் நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். மூன்றாவது கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஐயா, தொலைச்சவளே போய் எடுத்துட்டு வந்தா வருவீங்களா?"

ஒன்று தட்டை, ஒன்று குவிவு.

மூன்று லாரி, ஒரு ஹோல்டன். நகரத்தைத் தெற்கிலிருந்து மேற்காக வளைந்து வெரிபிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல், மாடுகள், நாற்றம். சூட்டுப் போட்ட கிழவர்கள் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். வெரிபிக்காரர் கம்பியைத் தூக்கிப் பிடித்தார், நான் குனிந்து நுழைந்தேன். குணம் பின்னாலேயே வரப் பார்த்தார், மிஸஸ் லாவ் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மண் கறுப்பாக, ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ரெண்டு கைப்பிடி, கூட எடுக்காத என்று வேலியோரத்திலிருந்து சத்தம். சிவப்புத் துணியில் முடிந்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். முன்வரிசைக்காரர்தான் முதலில் வந்து கும்பிட்டார். என்னையல்ல. என் கையில் இருந்ததை.

திங்கட்கிழமை துறைத்தலைவர் என்ன ஆயிற்று, திருப்திதானே என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சுவாரஸ்யமான வழக்காறு, இதற்கு எந்தக் கிராமத்தில் மூலம் இருக்கும் என்று பார்க்கவேண்டும் என்றார். மூலம் நம்முடைய தொட்டி என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. லேபிளில் போரும் இல்லாமல் செல்வமும் இல்லாமல், நிபுணர்கள் சமாதானமாகி, 'சீன நாட்டுப்புறத் தெய்வம், காலம் தெரியவில்லை' என்று போட்டுவிட்டார்கள். பளபளக்கும் கிண்ணத்தை மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள்.

பிறகு நான் கொட்டகைக்கு இரண்டு தரம் போனேன். புதுக் கிண்ணத்தில் வெரிபி மண்ணின் மேல் இப்போது ஒரு விரற்கடை சாம்பல் சேர்ந்திருக்கிறது. பதினெட்டுப் பேரில் மூன்று பேர் இல்லை. மீதிப் பேரும் இல்லாமல் போவார்கள், கிரான்பர்னில் வீட்டுமனை போடுவார்கள், அந்தக் கிண்ணம் ஒருநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு பெட்டியில் உங்களில் ஒருவர் மேசைக்கு வரும். மேலே சாம்பல், அடியில் எருநாற்றம் அடிக்கும் கறுப்பு மண். விதிப்புத்தகம் அழுக்கு என்று சொல்லும். பக்கத்தில் நிற்கும் ரசாயனக்காரர் உப்பு என்பார், அதுவும் உண்மையாகவே இருக்கும். தலைவருக்குத் திறப்பு விழா அவசரம். உங்கள் கையில் பட்டமும் தூரிகையும் இருக்கும்.

குழாயைத் தொடாதீர்கள். பழக்கடைக்காரிக்காகக் கடிதம் எழுதிய மகளின் பெயரைத் தேடுங்கள். கிடைக்கும்வரை அந்தப் பெட்டியை மூடியே வையுங்கள்.